தகுதிகாண் பருவம்: புதிதாகச் சேர்ந்தவர்கள் செய்யக் கூடாதவை

குரூப் 4 முடிந்து புது இளநிலை உதவியாளர்கள் வந்து சேரும் ஒவ்வொரு முறையும் எங்கள் பணியமைப்புப் பிரிவுக்குத் தகுதிகாண் பருவம் (ப்ரொபேஷன், வேலை உறுதியாகும் முன் ஆளை எடைபோட்டுப் பார்க்கும் காலம்) பற்றி ஒரே கேள்விதான் வரும். “சார், ரெண்டு வருஷத்துக்குள்ள வீட்டுக்கு அனுப்பிடுவாங்களா?” நேரத்துக்கு வா, கோப்பைத் தொலைக்காதே என்பதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை, அது எல்லோருக்கும் தெரியும். எங்கள் செட்டில் நடந்த அதே கோளாறுகள் இன்றும் மாறாமல் நடக்கின்றன. அவற்றை மட்டும் சொல்கிறேன்.

காலண்டரைப் பார்த்துக் கணக்குப் போடுவது

நேரடி நியமனத்தில் பெரும்பாலும் தொடர்ச்சியான 3 ஆண்டுக்குள் 2 ஆண்டு பணியாற்றியிருக்க வேண்டும். தற்செயல் விடுப்பு பிரச்சினை இல்லை. ஈட்டிய விடுப்பும் மருத்துவ விடுப்பும் எடுத்தால் அத்தனை நாள் தள்ளிப்போகும். மகப்பேறு விடுப்பையும் இப்படித்தான் கழித்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தகுதிகாண் பருவத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்று 2025-இல் அரசு அறிவித்தது.

துறைத்தேர்வைத் தள்ளிப்போடுவது

இந்தத் தேர்வு மே, டிசம்பர் மாதங்களில் நடக்கும். இரண்டு முறையும் எழுதுங்கள்.

பவானிசாகர் பயிற்சிக்குச் சாக்குச் சொல்வது

பவானிசாகரில் நடக்கும் அடிப்படைப் பயிற்சிக்கு உத்தரவு வந்தால் பெட்டியைக் கட்டுங்கள். காதுகுத்தெல்லாம் காரணம் ஆகாது.

“ஒரு மன்னிப்பு எழுதிக் கொடுத்திடு தம்பி”

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். விளக்கம் கேட்கும் குறிப்பாணை (மெமோ) கையில் வந்ததும் புது ஆளுக்குக் கை நடுங்கும். பக்கத்து சீட்டு சீனியர் ஆறுதலாகத் தோளைத் தட்டி, அலுவலகங்களில் காலங்காலமாகப் புழங்கும் அந்த வரியைச் சொல்லுவார்: “என் கவனக்குறைவால் நேர்ந்த தவறுக்கு வருந்துகிறேன், இனி இதுபோல் நிகழாது என உறுதியளிக்கிறேன்.” கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று டீக்கடைக்குப் போவார்கள்.

ஒரு பையனுக்கு நடந்தது இது. தகவல் உரிமைச் சட்ட மனு ஒன்றுக்கு 30 நாளுக்குள் பதில் போகவில்லை. அவனுக்கு மெமோ. அவனுடைய தன்பதிவேட்டை (தன் சீட்டுக்கு வரும் தபால்களை அவரவர் பதியும் ஏடு) புரட்டினால், மனு அவன் சீட்டுக்கு வந்ததே 27-ஆம் நாள். அதுவரை வேறொரு பிரிவில் கிடந்திருக்கிறது. தேதியும் வரிசை எண்ணும் அவன் கையெழுத்திலேயே இருந்தன. ஆனால் விளக்கத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை, வருந்துகிறேன் மட்டும்தான். பிற்பாடு தகுதிகாண் பருவம் முடித்ததற்கு ஆணை கேட்டுக் கோப்பு எழுந்தபோது, குறிப்பில் அழகாக எழுதினார்கள்: “கடமையில் கவனக்குறைவாக இருந்ததைத் தாமே ஒப்புக்கொண்டுள்ளார்.” பருவத்தை நீட்டிவிட்டார்கள். கூடச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் ஆணை வந்துவிட்டது.

தவறு உங்களுடையது என்றால் ஒப்புக்கொள்ளுங்கள், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. எது உங்களுடையது, எது இல்லை என்று பிரித்து எழுதுங்கள். தபால் வந்த தேதி, தன்பதிவேட்டு எண், கோப்பு வைத்த தேதி மூன்றும் இருக்கட்டும். அவகாசம் வேண்டுமென்றால் எழுத்தில் கேளுங்கள். விளக்கம் கொடுத்ததற்கு நகலில் முத்திரையோடு ஒப்புதல் வாங்குங்கள்.

அனூப் ஜெய்ஸ்வால் வழக்கைப் படித்துப் பாருங்கள். 1981-இல் தகுதிகாண் பருவத்தில் இருந்த ஐ.பி.எஸ். அதிகாரியாக ஹைதராபாத் போலீஸ் அகாடமியில் பயிற்சியில் இருந்தார். ஒரு மழைநாள் காலை பலரும் 20 நிமிடத்துக்கு மேல் தாமதமாக வந்தார்கள். விளக்கம் கேட்டபோது, தாமதத்துக்கு வருத்தம் தெரிவித்தார். மற்றவர்களைத் தூண்டிவிட்டார் என்ற குற்றச்சாட்டை மட்டும் மறுத்தார். விசாரணை இல்லாமலேயே பணியிலிருந்து விடுவித்தார்கள். ஆணையில் குற்றம் என்று எதுவும் இல்லை. உச்ச நீதிமன்றம் 1984-இல் அந்த ஆணையை ரத்து செய்தது. ஆணையின் வாசகம் எப்படியிருந்தாலும், உள்ளே இருப்பது நடத்தைக்கான தண்டனை என்றால் அரசியலமைப்பின் 311-ஆவது பிரிவுப்படி விசாரணை வேண்டும் என்பதுதான் சாரம். ஷம்ஷேர் சிங் வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு 1974-லேயே இந்த வழியைக் காட்டியிருந்தது. ஜெய்ஸ்வால் பிறகு தமிழ்நாட்டுக் காவல்துறையில் உயர்பதவி வகித்தார். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வரியில் மன்னிப்புக் கேட்டிருந்தால் வழக்கறிஞர் எதை வைத்து வாதாடியிருப்பார்?

வேலைத்திறன் போதவில்லை என்பதற்காக மட்டும் விடுவித்தால், அங்கே இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. அதனால் உங்கள் வேலையைப் பற்றிக் கோப்பில் என்ன ஏறுகிறது என்பதில் கண் இருக்கட்டும்.

சரிபார்ப்புப் படிவத்தில் பழைய வழக்கை மறைப்பது

வேலைக்கு வருபவரின் முன்நடத்தையைச் சரிபார்க்கும் படிவம் இது. விடுதலையான வழக்கானாலும் எழுதுங்கள். பல நேரம் வழக்கைவிட மறைத்ததுதான் வேலைக்கு உலை வைக்கும்.

ஆணை வராமலே முடிந்துவிட்டதாக நினைப்பது

இரண்டு ஆண்டு பணி முடிந்த மறுநாளே தகுதிகாண் பருவம் முடித்ததற்கு ஆணை கேட்டு மனு கொடுங்கள். பணிப்பதிவேட்டில் ஆணையின் எண்ணும் தேதியும் ஏறியதை நேரில் பார்த்துவிட்டு வாருங்கள்.

பயந்து ராஜினாமா கொடுப்பது

“நீயே எழுதிக் கொடுத்துட்டா ரெக்கார்டு சுத்தமா இருக்கும்” என்று யாராவது உபகாரம் போலச் சொல்வார்கள். எழுதாதீர்கள். ராஜினாமாவை ஏற்றுக்கொண்டுவிட்டால் எதிர்த்துப் போக நீக்க ஆணை என்று ஒன்றே இருக்காது. வேறு அரசு வேலை கிடைத்துப் போவது தனிக்கதை. அதற்கு முறைப்படி அனுமதி வாங்கி, விடுவிப்பு ஆணையோடு கிளம்புங்கள்.