எட்டு மாத நாய்க்குக் காது கேட்பதில்லை

நான்கு மாதத்தில் பெயரைச் சொன்னதும் பாய்ந்து வந்த எங்கள் சிப்பிப்பாறைக் குட்டி, எட்டாம் மாதத்தில் வேலியோர ஓணானையே வெறித்துக்கொண்டு நின்றது. என் குரல் கேட்டதற்கு அடையாளம், ஒரு காது லேசாகத் திரும்பியது மட்டும்தான். பயிற்சியெல்லாம் வீண் என்று நொந்துகொண்டேன். வீணில்லை, அது விடலைப் பருவம். ஆறாம் மாதத்தில் தொடங்கும் இந்தக் கூத்து ஒன்றரை வயதுவரைகூட நீளும். 2020-இல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில், 8 மாத நாய்கள் வளர்ப்பவர் 'உட்கார்' என்றால் அசட்டை செய்தன. அந்நியர் சொன்னால் கேட்டன! (நம் வீட்டுப் பிள்ளைகளும் அப்படித்தானே.)

ஒரு படி பின்வாங்குங்கள். தெருவில் கேட்காத நாயை முதலில் வீட்டுக்குள் அழைத்துப் பழக்குங்கள், பிறகு முற்றத்தில். வெளியே போனால் மார்புப் பட்டையும் 15 அடிக் கயிறும் வேண்டும். ஓட்டத்துக்கென்றே பிறந்த இனம், முயலைக் கண்டால் நம் கையில் நிற்காது. ஒருமுறைதான் அழைக்க வேண்டும். வரவில்லையா? கத்தாமல் எதிர்த்திசையில் ஓடுங்கள், துரத்தி வரும். வந்ததும் பொட்டுக்கடலை அளவு வேகவைத்த ஈரல் கொடுத்து, மறுபடி விளையாட விடுங்கள். பத்து நிமிடம் கழித்து வந்தாலும் அடிக்காதீர்கள். வந்ததற்குத்தான் அடி என்று கணக்கு வைத்துக்கொள்ளும்.

திடீரென்று உட்காரவே மறுத்தால் மட்டும், இடுப்பிலோ காலிலோ வலி இருக்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.