மை அசல், கை அசல் இல்லை

போன ஞாயிற்றுக்கிழமை அல்சூரில் எங்கள் வீட்டுக்கு ஒரு கல்லூரிப் பையன் வந்தான். மொபைலில் வெள்ளை விண்வெளி உடையில் நீல் ஆர்ம்ஸ்ட்ராங். நெஞ்சுக்குக் குறுக்கே கையெழுத்து. "லென்ஸ் வெச்சுப் பார்த்தாச்சுண்ணா. அச்சு இல்ல, அசல் மை. பணம் அனுப்பிடட்டுமா?" பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் உளறிய அதே வசனம். விண்வெளி வீரர்களின் கையெழுத்துப் படம் வாங்குகிறவர்கள் செய்யும் தப்புகள் இவை.

மையைப் பார்த்து நம்புவது

மை அசலாகத்தான் இருக்கும். அப்போலோ காலத்தில் ரசிகர் கடிதங்கள் குவிந்ததால் நாசாவில் ஆட்டோபென் இயந்திரம் வைத்திருந்தார்கள். கையெழுத்தின் வடிவில் செய்த தகட்டை இயந்திரத்தின் கை தொடர்ந்து போகும். அதில் செருகிய நிஜப் பேனா படத்தில் எழுதும். லென்ஸில் அச்சுப்புள்ளி எப்படித் தெரியும்?

அப்படி ஒரு படத்துக்குத்தான் நான் 40,000 ரூபாய் கொடுத்தேன். தங்க முத்திரை ஒட்டிய சான்றிதழும் வந்தது. இரண்டு மாதம் கழித்து, ஆட்டோபென் என்று உறுதியான ஒரு படத்தை அதே அளவில் டிரேசிங் பேப்பரில் எடுத்து, என் படத்தின் மேல் வைத்து ஜன்னல் கண்ணாடியில் பிடித்தேன். முதல் எழுத்தின் வளைவிலிருந்து கடைசி வால் வரை மயிரிழை பிசகவில்லை. மனுஷன் கை இரண்டு தடவை அப்படிப் போடாது. அப்புறம்தான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது: கோடு முழுக்க ஒரே தடிமன், பேனா இறங்கிய இடத்திலும் எழும்பிய இடத்திலும் ஒரு மைப்பொட்டு, வளைவுகளில் லேசான நடுக்கம்.

விற்றவருக்கு போன் போட்டேன். "அசல் மைக் கையெழுத்துன்னுதானே எழுதியிருக்கேன், படிச்சுப் பாருங்க" என்றார். படித்தேன். அப்படித்தான் இருந்தது. இன்னும் எரிகிறது.

ஒரு எச்சரிக்கை: பொருந்தினால் இயந்திரம்தான். ஆனால் பொருந்தாவிட்டால் அசல் என்று அர்த்தமில்லை. ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தகடுகள் உண்டு. பையனின் படத்தை என்னுடையதன் மேல் வைத்தோம், பொருந்தவில்லை. அவன் துள்ளினான். உட்கார வைத்து இன்னும் நாலு மாதிரிகளை எடுத்தேன். மூன்றாவதில் அடங்கிவிட்டான்.

பெயர் எழுதிய படத்தை ஒதுக்குவது

'இன்னாருக்கு' என்று யார் பெயரோ இருந்தால் மறுவிற்பனைக்கு ஆகாது என்று தள்ளிவிடுகிறார்கள். விலை குறைவு, ஒப்பிட்டுப் பார்க்கக் கூடுதலாக நாலு வார்த்தை கையெழுத்தும் கிடைக்கும். முதலில் வாங்க வேண்டியதே அதுதான்.

வருஷக் கணக்கை விடுவது

ஆர்ம்ஸ்ட்ராங் 1994 வாக்கில் ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போடுவதையே நிறுத்திவிட்டார். கல்பனா சாவ்லா கொலம்பியா விண்கல விபத்தில் மறைந்தது 2003 பிப்ரவரி 1. ஆரஞ்சு உடையில் அவர் படம், கையெழுத்துக்குக் கீழே 2004 என்று தேதி. அதையும் ஒருவர் கூசாமல் என்னிடம் நீட்டினார்.

லேமினேஷன்

கூடவே கூடாது.

வெயில் படும் சுவர்

மார்க்கர் மை வெளுத்துவிடும். 1984-இல் சோயுஸ் டி-11 விண்கலத்தில் போன ராகேஷ் சர்மாவின் படத்தைக் கிழக்கு ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருந்தேன். இப்போது அவர் சிரிப்பு மட்டும் பளிச்சென்று இருக்கிறது.