செருப்பு டப்பாவும் மஞ்சள் லைன் மெட்ரோவும்

மன்னார்குடிப் பக்கம் தமிழ் வழியில் படித்துவிட்டு டெல்லிப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. வரலாறு சேர்ந்தேன். முதல் மாதம் ஆங்கிலச் சொற்களைக் கற்க, அகராதியை 'ஏ'யிலிருந்து மனப்பாடம் செய்து பார்த்தேன், 'பி'யைத் தாண்டவில்லை. நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

எந்தச் சொற்கள் வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி. மொழியியல் ஆய்வாளர் ஆவெரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலில் (அகடமிக் வேர்ட் லிஸ்ட்) 570 சொற்குடும்பங்கள்தான்; ஒரு சொல்லும் அதிலிருந்து பிறந்த வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம். கலை, வணிகம், சட்டம், அறிவியல் நான்கிலும் திரும்பத் திரும்ப வருபவை. இணையத்திலேயே கிடைக்கும். நாளுக்கு ஆறு போதும்; பேராசைப்பட்டால் மறுநாள் ஒன்றும் நிற்காது.

சொல்லைத் தனியாக எழுதாதீர்கள். 'பலத்த மழை' நினைப்பில் 'ஸ்ட்ராங் ரெயின்' என்று எழுதி சிவப்பு மை வாங்கியவள் நான். ஆங்கிலத்தில் மழை 'ஹெவி', காபிதான் 'ஸ்ட்ராங்'. அதனால் சொல்லுக்கு ஒரு சிறு அட்டை எடுத்து, அதன் ஒரு புறம், பாடத்தில் கண்ட முழு வாக்கியத்தை எழுதி, அந்தச் சொல்லின் இடத்தில் கோடு போடுங்கள். மறுபுறம் சொல்லும் தமிழ்ப் பொருளும். (தமிழே கூடாது என்றார் ஒரு சீனியர். நான் கேட்கவில்லை.)

அட்டைகளைப் போட, செருப்பு டப்பாவில் மூன்று அறை: தினமும், மூன்று நாளுக்கொருமுறை, வாரமொருமுறை. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்கு. தவறினால் முதல் அறைக்கே. 1970-களில் ஜெர்மானியர் செபஸ்டியன் லைட்னர் பரப்பிய முறை இது. டெல்லி மெட்ரோவில் முனிர்காவில் ஏறி, ஹவுஸ் காஸில் மஞ்சள் லைனுக்கு மாறி, பல்கலைக்கழக நிலையமான விஸ்வவித்யாலயா போவதற்குள் முதல் அறை முடிந்துவிடும். ராஜீவ் சௌக்கில் கூட்டம் நெருக்கினால் மட்டும் அட்டையைத் திருப்பக் கை வராது.