அபாகஸ் டீச்சரைத் தேர்ந்தெடுக்கப் போகிறீர்களா? பிள்ளைகளின் விரலைப் பாருங்கள்

பிள்ளையை அபாகஸ் (மணிச்சட்டத்தில் கணக்குப் போடும் முறை) வகுப்பில் சேர்க்க நினைக்கும் பெற்றோர் முதலில் விசாரிப்பது "எந்த கம்பெனி நல்லது?" என்றுதான். அதில் பெரிய பயன் இல்லை. நம் ஊர்களில் பல மையங்கள் ஃபிரான்சைஸ் முறையில் நடப்பவை. புத்தகம், பை, டி-ஷர்ட் எல்லாம் தலைமை அலுவலகத்திலிருந்து வரும். சொல்லிக்கொடுப்பவர் உங்கள் அடுத்த தெருக்காரர். ஒரே பெயர்ப் பலகை மாட்டிய இரண்டு மையங்களில் ஒன்றில் பிள்ளைகள் மனக்கணக்கில் வெளுத்து வாங்குவார்கள், மற்றதில் எட்டு மாதம் ஆகியும் மேசைக்கு அடியில் விரல் விட்டு எண்ணுவார்கள். வித்தியாசம் டீச்சர்தான்.

டீச்சரை எடைபோட, கருவியைப் பற்றிப் பத்து நிமிடப் பாடம் உங்களுக்கும் வேண்டும். வகுப்புகளில் பெரும்பாலும் இருப்பது ஜப்பானியச் சொரோபான் வகை. ஒவ்வொரு கம்பியிலும் நடுச்சட்டத்துக்கு மேலே ஒரு மணி, அதன் மதிப்பு 5. கீழே நான்கு மணிகள், தலா 1. நடுச்சட்டத்தை ஒட்டி நிற்கும் மணிக்கு மட்டுமே மதிப்பு. 2+1 என்றால் நேராகத் தள்ளிவிடலாம். 4+3 வந்தால் கீழே மணி மிச்சமில்லை. மேலிருந்து 5-ஐ இறக்கி, கீழே 2-ஐ எடுக்க வேண்டும். வகுப்பில் இதற்கு ‘ஸ்மால் ஃபிரெண்ட்ஸ்’ என்று பெயர். 8+4 என்றால் இடப்பக்கம் உள்ள அடுத்த கம்பியில் 10 போட்டு இங்கே 6-ஐ எடுப்பது; அது ‘பிக் ஃபிரெண்ட்ஸ்’. 7+6 இரண்டும் கலந்தது. 10 போட்டு 4 எடுக்க வேண்டும், ஆனால் ஒன்றுகள் கம்பியில் கீழே 2 மணிதான் நிற்கிறது. அதனால் 5-ஐ மேலே தள்ளிவிட்டு 1-ஐச் சேர்க்க வேண்டும். பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இங்கேயும், இதன் தலைகீழான 12-6 போன்ற கழித்தலிலும்தான்.

இப்போது முக்கியமான விஷயம். அபாகஸ் வகுப்பில் நடக்கும் பெரிய கோளாறு, விடை சரியாக இருக்கும்போதே நடப்பது. 4+3 என்று சொன்னதும் பிள்ளை வாய்க்குள் "அஞ்சு, ஆறு, ஏழு" என்று எண்ணிவிட்டு, மணியில் 7-ஐ வைத்துக் காட்டும். நோட்டில் டிக் விழும். ஆனால் அது அபாகஸில் கணக்குப் போடவில்லை. வேறெங்கோ போட்ட கணக்கின் விடையை அபாகஸில் காட்டியிருக்கிறது, அவ்வளவுதான். ஓரிலக்க எண்கள் மூன்றை அடுக்கிக் கூட்டும் வரை இது ஓடும். ஈரிலக்க எண்கள் ஐந்து வந்ததும் வண்டி நின்றுவிடும். நல்ல டீச்சர் விடையைப் பார்ப்பதற்கு முன் விரலைப் பார்ப்பார். கீழ் மணியை ஏற்றக் கட்டைவிரல். கீழ் மணியை இறக்கவும் மேல் மணியை ஏற்றி இறக்கவும் ஆள்காட்டி விரல். இது ஜப்பானிய வழக்கம். இரண்டு கையாலும் போடச் சொல்லிக்கொடுக்கும் மையங்களும் உண்டு. எந்த முறையானாலும் எல்லாப் பிள்ளைகளும், எல்லா நாளும் ஒரே மாதிரி செய்கிறார்களா என்பதே கேள்வி.

டெமோ வகுப்பை நம்பி முடிவெடுக்காதீர்கள். அது கல்யாண வீட்டுச் சாப்பாடு மாதிரி, தினமும் கிடைக்காது. "ஏற்கெனவே நடக்கும் இரண்டாம் லெவல் வகுப்பில் அரை மணி நேரம் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாமா?" என்று கேளுங்கள். தயங்கினால் அதுவே ஒரு பதில்.

உட்கார்ந்ததும் பிள்ளைகளின் உதடுகளைப் பாருங்கள். முணுமுணுப்பு இருந்தால் எண்ணுகிறார்கள் என்று பொருள். பிறகு ஒரு பிள்ளை தப்பாகப் போட்டதும் டீச்சர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். சரியான விடையைச் சொல்லி அழிக்கச் சொல்பவர் ஒரு ரகம். "திரும்பப் போடு, நான் பார்க்கிறேன்" என்று பக்கத்தில் நின்று, எந்த மணியில் பிசகியது என்று கண்டுபிடிப்பவர் இன்னொரு ரகம். உங்களுக்கு வேண்டியவர் இரண்டாமவர். டீச்சர் எண்களை வாசிக்க, பிள்ளைகள் கேட்டுப் போடும் டிக்டேஷன் நடந்தால் இன்னும் நல்லது. எண்களை ஒரே சீரான வேகத்தில் வாசிக்கிறாரா, பின்தங்கும் பிள்ளைக்கு வேகத்தைக் குறைத்து மறுபடி வாசிக்கிறாரா?

ஒரு டீச்சருக்கு எட்டுப் பத்துப் பிள்ளைகள் வரை தாங்கும். அதிலும் நான்கு லெவல் கலந்து உட்கார்ந்திருந்தால் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது புத்தகமும் மௌனமும்தான்.

கருவி இல்லாமல் மணிகளைக் கற்பனை செய்து போடும் மனக்கணக்கு எப்போது தொடங்கும் என்று கேளுங்கள். முதல் லெவலிலேயே, 2+1 போன்ற நேர்க் கணக்கு நன்றாகப் பழகியவுடன், ஓரிலக்கத்தில் சின்னதாகத் தொடங்குவது நல்லது. தள்ளிப்போட்டால் பிள்ளை கருவியைவிட்டு வராது. அவசரப்பட்டுக் கருவியைப் பிடுங்கினால் பழைய விரல் எண்ணலுக்குத் திரும்பும். மனக்கணக்கின்போது மேசைமேல் விரல்கள் மணி தள்ளுவது போல அசைவதைப் பார்த்துப் பெற்றோர் சிலர் அதட்டுகிறார்கள். அதட்ட வேண்டாம், கற்பனை மணியை நகர்த்துகிறது அந்த விரல். ஒவ்வொன்றாக மடக்கி எண்ணினால் மட்டுமே கவலைப்பட வேண்டும்.

டீச்சரிடம் நேராகக் கேட்க வேண்டியவை சில உண்டு. நீங்கள் எந்த லெவல் வரை பயிற்சி முடித்திருக்கிறீர்கள்? பயிற்சி லெவல் லெவலாகத் தரப்படும் இடங்களில், டீச்சர் மாணவரைவிட ஒரே ஒரு லெவல் முன்னால் இருப்பதும் நடக்கும். மேல் லெவல் வந்தால் யார் எடுப்பார்? பள்ளியில் வலமிருந்து இடமாகக் கூட்டுகிறார்கள், அபாகஸில் இடமிருந்து வலமாக. குழப்பத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? "அதெல்லாம் தானா சரியாயிடும்" என்பது போதாது. பள்ளி நோட்டில் பள்ளி முறையில் படிகளோடு எழுது, விடையைச் சரிபார்க்க அபாகஸைப் பயன்படுத்து என்று பிள்ளையிடம் முதல் மாதமே பிரித்துச் சொல்பவர் விவரமானவர்.

"வலது மூளை, இடது மூளை, ஐ.க்யூ. கூடும்" என்று பேச்சு போனால் காதை மூடிக்கொள்ளுங்கள். குஜராத்தின் வதோதராவில் பள்ளிப் பிள்ளைகளிடம் மூன்று ஆண்டுகள் நடத்தி 2016-இல் வெளியான ஆய்வில், அபாகஸ் மனக்கணக்கு கற்றவர்களுக்குக் கணக்கிடும் திறன் கூடியது. நினைவாற்றல் போன்ற பொதுவான அறிவுத்திறன்களில் மாற்றம் தெரியவில்லை. கணக்கு வேகமும் எண் பயம் போவதும் கிடைத்தாலே கொடுத்த காசுக்கு நியாயம். கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்க வைக்கிறோம் என்று கூடவே விற்பவர் என்றால் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம்.

வயது: 1 முதல் 10 வரை பொருளை எண்ணவும் எண்களை எழுதவும் தெரிந்த பிறகு போதும். அதற்கு முன் சேர்த்தால் டீச்சர் எவ்வளவு நல்லவரானாலும் பணம் வீண்.

கட்டணத்தைத் துண்டு துண்டாகக் கேளுங்கள்: மாதக் கட்டணம், லெவல் மாறும்போது புத்தகம், கிட், லெவல் தேர்வு, போட்டி நுழைவு, போட்டிக்கு வெளியூர் போகும் செலவு. எல்லா லெவலுக்கும் மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். ஒரு லெவலுக்கு மட்டும் கட்டுங்கள். போட்டிக்குப் போனவர்கள் எல்லோருமே கோப்பையோடு திரும்பும் மையத்தில், கோப்பைப் படங்களை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

ஆன்லைன் வகுப்பு என்றால் கேமரா பிள்ளையின் முகத்தை அல்ல, கையையும் மணியையும் காட்ட வேண்டும். முதல் வகுப்பிலேயே இதை வலியுறுத்தாத டீச்சரால் விரலைத் திருத்தவே முடியாது.

சேர்த்த பிறகு, தினம் 15 முதல் 20 நிமிடம், வாரம் ஐந்து நாள் பயிற்சி வேண்டும். ஞாயிறு காலை உட்கார்ந்து வாரத்துக்கான பக்கங்கள் எல்லாவற்றையும் முடிப்பது பயிற்சி ஆகாது. அதே கணக்கை நீங்கள் பள்ளி முறையில் சொல்லிக்கொடுக்காதீர்கள். ஸ்மால் ஃபிரெண்ட்ஸ் பாடம் முடிந்துவிட்டது என்று டீச்சர் சொன்னதும் வீட்டில் 4+3, 3+2, 5-2 மூன்றையும் போடச் சொல்லிப் பாருங்கள். 5-2-க்கு 5-ஐ மேலே தள்ளி 3-ஐ ஏற்றினால் சரி. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக 3 வைத்தால் டீச்சரிடம் பேசுங்கள். அவர் இரண்டு வாரம் பின்னே போய்த் திருத்தத் தயாராக இருக்கிறாரா, இல்லை "தேர்வு வருது, முடிச்சிடலாம்" என்கிறாரா என்பதில் அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும்.

மாற்றத்தான் வேண்டும் என்றால் ஒரு லெவல் முடியும் இடத்தில் மாற்றுங்கள். முடித்த புத்தகங்களைக் கொண்டுபோய்க் காட்டி, பிள்ளையைப் பத்துக் கணக்குப் போட வைத்து, எங்கிருந்து தொடங்குவது என்று புது டீச்சர் முடிவுசெய்யட்டும். பார்க்காமலேயே முதல் லெவலிலிருந்து கட்டணம் கேட்டால் வேறு இடம் தேடலாம். ஒற்றைக் கை முறையிலிருந்து இரட்டைக் கை முறைக்கு மாறினால் சில வாரங்கள் வேகம் குறையும். அந்த நேரத்தில் எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்காதீர்கள்.