யூஎஃப்டி ஆட்-இன்: எல்லாவற்றுக்கும் டிக் போடாதீர்கள்

மென்பொருள்களைத் தானாகச் சோதிக்கும் கருவியான யூஎஃப்டியைத் திறந்ததும், எந்த ஆட்-இன் வேண்டும் என்று கேட்டு ஆட்-இன் மேனேஜர் என்று ஒரு பெட்டி வருமே, அதைப் படித்துவிட்டு ஓகே கொடுப்பவர்கள் எத்தனை பேர்? முதல் இரண்டு வருடம் நானும் படித்ததில்லை. மெர்க்குரி நிறுவனத்தின் காலத்தில் இந்தக் கருவியின் பெயர் க்யூடிபி, 2012-இல் எச்பி வைத்த பெயர் யூஎஃப்டி, இப்போது ஓப்பன்டெக்ஸ்ட் கையில் இருக்கிறது. பெயர்ப்பலகைதான் மாறுகிறது, பெட்டி அதேதான்.

ஆட்-இன் என்பது ஒரு தொழில்நுட்பத்தில் எழுதிய திரையின் பட்டன், பெட்டிகளை யூஎஃப்டிக்கு அடையாளம் காட்டும் துணைநிரல். புதிதாக வருபவர்கள் செய்வது, எதற்கும் இருக்கட்டும் என்று வெப், ஜாவா, டாட்நெட், சாப் எல்லாவற்றுக்கும் டிக் போடுவது. திறக்கவே நேரம் எடுக்கும், ஓடும்போதும் இழுக்கும். அது போகட்டும், திரையில் உள்ள ஒரே பொருளை நான் நீ என்று இரண்டு ஆட்-இன் அடையாளம் காணப் போனால்தான் தலைவலி. நேற்று ஓடிய டெஸ்ட் இன்று அந்தப் பொருளுக்கு வேறு வகுப்புப் பெயரை (வகையை) சொல்லி நிற்கும், நீங்கள் ஸ்கிரிப்ட்டில் தவறைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இதற்கு நேர் எதிர்த் தவறு இன்னும் மோசம், ஏனென்றால் அது பிழையே காட்டாது. வெப் ஆட்-இன் ஏறாமல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் ஒருவர் ரெக்கார்ட் செய்தார். பிரவுசர், பேஜ், வெப்எடிட் என்று வரவேண்டிய இடத்தில் வின்ஆப்ஜெக்ட் என்று ஒரே பொருளும், அதன் மேல் 213, 148 போல ஆயத்தொலைவுகளோடு கிளிக்குகளும் வந்திருந்தன. அவருடைய திரையில் அது பச்சையாக ஓடவும் செய்தது! ரெசொல்யூஷன் மாறிய அடுத்த கணினியில்தான் குட்டு வெளிப்பட்டது. ஜாவா ஸ்விங்கில் செய்த திரை, ஜாவா ஆட்-இன் ஏறவில்லை என்றால் முழு சன்னலும் ஒரே துண்டாகத் தெரியும், உள்ளே இருக்கும் பட்டன் எதுவும் கண்ணில் படாது. எழுதத் தொடங்கும் முன், பொருளின் வகையைச் சொல்லும் ஆப்ஜெக்ட் ஸ்பையை ஒரு பட்டன் மேல் வைத்து, ஜாவாபட்டன் என்று சொல்கிறதா என்று பாருங்கள். அரை நிமிட வேலை.

சொல்லாவிட்டால்? முதலில் திறந்த வரிசையைச் சந்தேகியுங்கள். யூஎஃப்டி முதலில், அப்ளிகேஷன் அப்புறம். ஏற்கெனவே திறந்து கிடக்கும் பிரவுசரைக் காட்டி 'அடையாளம் தெரியவில்லை' என்று புலம்புபவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன். இன்னொன்று, ஓடும் நடுவில் ஆட்-இன் ஏற்ற முடியாது. மூடித் திறந்தால்தான் உண்டு.

இத்தனையிலும் அதிகம் அடிபடுவது, ஆட்-இன் தேர்வைத் தன் கணினியில் மட்டும் வைத்துக்கொள்பவர்கள்தான். பெட்டி தொல்லை என்று தொடக்கத்தில் வராமல் அணைத்துவிட்டால், போன முறை எது ஏறியிருந்ததோ அதுவே சத்தமில்லாமல் ஏறும். நேற்று சாப் வேலை பார்த்திருந்தால் இன்றும் சாப்தான். ஆகவே தேர்வை டெஸ்ட்டோடு கட்டிவிடுங்கள்: ஃபைல், செட்டிங்ஸ், ப்ராபர்டீஸ், அங்கே மாடிஃபை. புது டெஸ்ட் உருவாகும்போது அந்த நேரத்தில் ஏறியிருக்கும் ஆட்-இன்கள் எல்லாம் தானாக அதில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் வேண்டாததை அங்கேயே கழற்றுங்கள். பிறகு யாராவது அந்த ஆட்-இன் இல்லாமல் திறந்தால் யூஎஃப்டி எச்சரிக்கும். அதையும் படிக்காமல் மூடுபவர்களுக்கு மருந்து கிடையாது.

இரவில் ஆள் இல்லாமல் விபிஸ்கிரிப்ட் நிரல் வைத்து டெஸ்ட் ஓட்டுபவர்கள் கெட்அசோசியேட்டட்ஆட்இன்ஸ்ஃபார்டெஸ்ட் என்ற கட்டளை கொண்டு பட்டியலை டெஸ்ட்டிடமே கேட்டு வாங்கி, செட்ஆக்டிவ்ஆட்இன்ஸுக்குக் கொடுங்கள். ஆனால் லாஞ்ச் செய்வதற்கு முன். லாஞ்ச்டு உண்மை என்று வந்தால், அதாவது யூஎஃப்டி ஏற்கெனவே திறந்திருந்தால், முதலில் க்விட் கொடுத்து மூடுங்கள். நான் இந்த ஒரு வரியை விட்டதில் ஓர் இரவு முழுக்க ஓடிய ரிக்ரெஷன் (பழையவை உடையவில்லையா என்று பார்க்கும் மறுசோதனை) காலையில் வெறும் சிவப்பாக இருந்தது. யாரோ சாயங்காலம் வெப் மட்டும் ஏற்றித் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்.

ஜாவா ஆட்-இன் போட்ட கணினியில் எந்த ஜாவா நிரலை ஓட்டினாலும் 'பிக்டு அப் ஜாவா_டூல்_ஆப்ஷன்ஸ்' என்று ஒரு வரி வரும். டெவலப்பர் பதறி வருவார். ஆட்-இன் ஜாவாவுக்குள் நுழையும் வழி அந்தச் சூழல் மாறிதான்; அவருடைய கன்சோலில் மட்டும் அதைக் காலியாக்கிக் கொடுங்கள். சிஸ்டத்திலிருந்தே அழித்துவிட்டால் மறுநாள் உங்கள் ஜாவா டெஸ்ட் மறுபடியும் ஒரே துண்டு சன்னலைத்தான் பார்க்கும்.