விஆர் படம் திக்குகிறதா? கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும் முன் இதைப் படியுங்கள்

கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி பக்கம் ஒரு வீட்டில் விஆர் ஹெட்செட் (கண்ணை மூடி மாட்டிக்கொண்டு கேமுக்குள்ளேயே நிற்பது போல விளையாடும் கருவி) இருக்கிறது என்றால், சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ மாமாவோ சித்தப்பாவோ பெட்டியில் துணிக்கு நடுவே சுருட்டி வைத்துக் கொண்டுவந்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும். பிரித்த அன்றைக்கு வீட்டிலுள்ள எல்லோரும் மாட்டிப் பார்ப்பார்கள், பாட்டி கூட காற்றில் கையைத் துழாவுவார், சிரித்து ஓய்ந்ததும் பையன் அதை கம்ப்யூட்டரில் இணைக்க உட்காருவான். அதற்குப் பிறகுதான் எனக்கு போன் வரும்.

கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வதும் ஹெட்செட்டை அதோடு சேர்த்து ஓட்டிக் கொடுப்பதும் என் பிழைப்பு. 2020 கடைசியில் மெட்டா கம்பெனியின் குவெஸ்ட் 2 ஹெட்செட் வந்தபோது நாங்கள் எல்லாம் எங்கே முட்டிக்கொண்டோமோ, அதே இடத்தில்தான் இன்று குவெஸ்ட் 3, 3எஸ் வாங்குகிறவர்களும் முட்டிக்கொள்கிறார்கள். சார்ஜ் போடுங்கள், கேம் வாங்கும் ஸ்டீம் செயலியை அப்டேட் செய்யுங்கள் என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

படம் திக்கினால் பழி கார்டின் மேல்

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எனக்குக் கோபம் வரும், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பாபநாசம் பக்கத்துத் தம்பி ஒருவர். ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருந்தார், குவெஸ்டுக்கு அது தாராளம். வயர் இல்லாமல் வைஃபையில் இணைத்து விளையாடினால் படம் நின்று நின்று வருகிறது, சத்தம் கரகரக்கிறது. கம்ப்யூட்டர் வாங்கிய கடையில் கேட்டிருக்கிறார், கார்டு பத்தாது என்று சொல்லிவிட்டார்கள். சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு அப்பா கணக்கில் பணம் ஏறியிருந்த சமயம். பெரிய கார்டாக ஒன்று வாங்கியாயிற்று. அதற்குப் பழைய பவர் சப்ளை தாங்காது, அதுவும் புதிது. மாட்டிப் பார்த்தால் அதே திக்கல். சரி, நெட் ஸ்லோ போலிருக்கிறது என்று இன்டர்நெட் பிளானையும் பெரிதாக்கினார். அப்போதும் அதேதான். அதன் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்.

போய்ப் பார்த்தால், ஃபைபர் வந்து சேரும் ரவுட்டர் வாசல் பக்கம் ரேழியில் ஆணியில் தொங்குகிறது. கம்ப்யூட்டர் பின்கட்டு மாடியில். கட்டைவிரல் அளவு யூஎஸ்பி வைஃபை டாங்கிள் ஒன்று கேபினட்டின் பின்னால் சொருகியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே, தாத்தா காலத்துச் சுண்ணாம்புக் காரைச் சுவர்கள், முழங்கை அளவு தடிமன். நான் வேறெதையும் தொடவில்லை. ஹெட்செட்டை யூஎஸ்பி கேபிளில் இணைத்தேன், படம் வெண்ணெய் மாதிரி ஓடியது. அப்புறம் பழைய 3060-ஐ எடுத்து வரச்சொல்லி, அதை மாட்டி ஓட்டினேன். அப்போதும் திக்கவில்லை. நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவருடைய அப்பா, “அப்ப இதுக்குக் குடுத்த காசு?” என்று மட்டும் கேட்டார். கார்டைக் கடை திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டரை ரவுட்டரோடு எப்படிச் சேர்த்திருக்கிறீர்கள் என்று அந்தக் கடையில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டால் இந்தச் செலவு யாருக்கும் வராது. வால்வ் இண்டெக்ஸ் போன்ற ஹெட்செட்டுகள் கிராஃபிக்ஸ் கார்டின் டிஸ்பிளேபோர்ட்டிலேயே நேராகச் சொருகிக்கொள்பவை, மானிட்டரைப் போல. குவெஸ்ட் அப்படி இல்லை. கார்டு ஒவ்வொரு படத்தையும் வரைந்து, அதை வீடியோவாகச் சுருக்கி அனுப்புகிறது, ஹெட்செட்டுக்குள் இருக்கும் சிப் அதை விரித்துக் காட்டுகிறது. 90 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 90 படம் என்றால் ஒரு படத்துக்கு 11 மில்லி செகண்டுதான். போகிற வழியில் ஓர் இடத்தில் தாமதமானாலும் உங்கள் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். கம்ப்யூட்டரும் வைஃபை, ஹெட்செட்டும் வைஃபை என்றால் அதே வீடியோ முதலில் கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டருக்கு, பிறகு ரவுட்டரிலிருந்து ஹெட்செட்டுக்கு என்று காற்றில் இரண்டு முறை போக வேண்டும். நடுவில் அம்மா போனில் சீரியல் பார்க்கிறார், தங்கை வீடியோ கால் பேசுகிறாள், அவர்களுக்கும் முறை விட வேண்டும். மேட்டூரில் எவ்வளவு திறந்துவிட்டாலும் வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வராது என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கார்டை மாற்றுவது மேட்டூரில் இன்னும் இரண்டு மதகைத் திறப்பதுதான்.

இன்டர்நெட் பிளானைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்த வீடியோ உங்கள் வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை. 40 எம்பிபிஎஸ் பிளானோ 300 எம்பிபிஎஸ் பிளானோ, கம்ப்யூட்டருக்கும் ஹெட்செட்டுக்கும் நடுவில் அதற்கு வேலையே கிடையாது.

செய்ய வேண்டியது இதுதான். கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டருக்கு லேன் கேபிள் இழுங்கள். விளையாடும் அறையிலேயே ரவுட்டர் இருக்கட்டும், ஹெட்செட் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இணையட்டும். நெட் கனெக்‌ஷனோடு வந்த பெட்டியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் இருக்கிறதென்றால், ஹெட்செட்டுக்கென்று தனியாக, இரண்டும் உள்ள ஒரு டூயல் பேண்ட் ரவுட்டர் வாங்கி கம்ப்யூட்டர் பக்கத்தில் வையுங்கள். கார்டு விலையோடு ஒப்பிட்டால் இது காசே இல்லை.

கேபிளிலும் ஒரு குழி இருக்கிறது. நம் ஊரில் லேன் வயர் இழுப்பவர்களில் பலர் சிசிடிவி கேமரா வேலை செய்பவர்கள். கேமராவுக்கு நாலு கம்பி போதும், அதனால் உள்ளே எட்டு இருந்தாலும் நாலை மட்டும் கிரிம்ப் செய்து, மீதியைக் கத்தரித்துவிட்டுப் போய்விடுவார்கள். நாலு கம்பியில் 100 எம்பிபிஎஸ் வரைக்கும்தான் போகும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். கனெக்டர் கண்ணாடி மாதிரிதான் இருக்கும், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எண்ணிப் பாருங்கள். விண்டோஸ் நெட்வொர்க் செட்டிங்கில் லிங்க் ஸ்பீடு 1000/1000 என்று வர வேண்டும். 100/100 என்று வந்தால் கம்பி குறைகிறது, இல்லையென்றால் ரவுட்டரின் அந்த போர்ட்டே 100தான். ஹெட்செட்டுக்குப் போகும் வீடியோவை 150, 200 எம்பிபிஎஸ் வரை ஏற்றி வைப்பது வழக்கம் என்பதால், 100 எங்கே மூச்சுத் திணறும் என்று புரியும்.

கார்டுதான் காரணமா என்று பார்க்கவும் வழி இருக்கிறது. முதலில் யூஎஸ்பி கேபிளில் ஓட்டுங்கள், திக்கல் போய்விட்டால் வைஃபைதான். போகவில்லையென்றால் கேமில் கிராஃபிக்ஸைக் கீழே இறக்குங்கள், ஸ்டீமின் விஆர் மென்பொருளான ஸ்டீம்விஆரில் ரெசல்யூஷனையும் குறையுங்கள். அது தானாகவே 100 சதவீதத்துக்கு மேல் ஏற்றி வைத்திருப்பதுண்டு. இறக்கியதும் சரியானால்தான் கார்டைப் பற்றிப் பேச்சு. கம்ப்யூட்டர் படத்தை வைஃபையில் ஹெட்செட்டுக்கு அனுப்பும் வர்ச்சுவல் டெஸ்க்டாப் செயலி வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம், அதன் பெர்ஃபார்மன்ஸ் ஓவர்லேயில் கேமுக்கு எத்தனை மில்லி செகண்டு, நெட்வொர்க்குக்கு எத்தனை என்று தனித்தனியாகவே காட்டும்.

போன் சார்ஜர் வயர்

சி டைப் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைக்கிறார்கள். போனோடு வரும் வயர் அநேகமாக யூஎஸ்பி 2, அதில் 480 எம்பிபிஎஸ் வரைதான். யூஎஸ்பி 3 என்றால் 5 ஜிபிபிஎஸ்ஸில் ஆரம்பிக்கிறது. குவெஸ்டை கேபிளில் கம்ப்யூட்டரோடு சேர்க்கும் லிங்க் யூஎஸ்பி 2-விலும் ஓடும், ஆனால் படம் மங்கலாக இருக்கலாம், சார்ஜும் இறங்கிக்கொண்டே வரும். கேபினட்டின் முன்பக்க போர்ட்டில் தகராறு செய்தால் பின்னால் மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் சொருகிப் பாருங்கள். வயரை ஹெட்செட்டின் பக்கப் பட்டையில் ஒரு சுற்று சுற்றிக் கட்டிவிட்டு விளையாடுங்கள். யாராவது வயரை மிதித்தால் இழுவை பட்டைக்குப் போகட்டும், போர்ட்டுக்குப் போக வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வந்த சாமானுக்கு இங்கே வாரன்ட்டி என்று போய் நிற்க இடமில்லை.

வெயில்

லென்ஸ் மேல் வெயில் படக்கூடாது. முற்றத்து வெயிலானாலும் ஜன்னல் வெயிலானாலும், கொஞ்ச நேரம் போதும், திரையில் பொட்டு விழுந்துவிடும். அது போகவே போகாது.

விபூதியும் துண்டும்

குளித்து, தலையில் எண்ணெய் தடவி, நெற்றியில் பட்டை போட்டுக்கொண்டு அப்படியே ஹெட்செட்டை மாட்டுகிறார்கள். அரை மணி நேரத்தில் வியர்வையும் எண்ணெயும் ஸ்பாஞ்சில் ஊறி, விபூதி உதிர்ந்து லென்ஸின் விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருக்கும். அது பரவாயில்லை. அதைத் தோளில் கிடக்கும் துண்டால் அழுத்தித் துடைக்கிறார்களே, அங்கேதான் லென்ஸ் போகிறது. அது கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக். விபூதித் தூளோடு சேர்த்துத் தேய்த்தால் வட்டம் வட்டமாக மெல்லிய கீறல் விழும், அதற்குப் பிறகு இருட்டுக் காட்சியில் ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் ஒளி சிதறும். கேமரா லென்ஸுக்கு வைத்திருக்கும் ரப்பர் புளோயரால் தூசியை முதலில் ஊதிவிடுங்கள், பிறகு காய்ந்த மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். ஸ்பிரிட், சானிடைசர், கொலின் எதுவும் வேண்டாம்.

கண்ணாடி போடுகிறவர்களுக்கும் இதே கதிதான், ஃபிரேம் லென்ஸில் உரசும். குவெஸ்ட் 2-வில் அதற்கென்று ஸ்பேசர் பெட்டியிலேயே வரும், குவெஸ்ட் 3-இல் முகப்பட்டையையே முன்னுக்குத் தள்ளிக்கொள்ளலாம்.

கன்ட்ரோலர் பறக்கிறது என்று புகார்

பீரோவில் ஆளுயரக் கண்ணாடி இருக்கிறதா? போர்வையைப் போட்டு மூடுங்கள். ஹெட்செட்டின் கேமராக்கள் கன்ட்ரோலரில் உள்ள இன்ஃப்ராரெட் புள்ளிகளைப் பார்த்துத்தான் உங்கள் கை எங்கே என்று கணக்குப் போடுகின்றன, கண்ணாடியில் அதுவே இன்னொரு ஜோடியாகத் தெரியும். சாமி படத்தைச் சுற்றி மினுக்கும் சீரியல் பல்பும் அப்படித்தான், அந்தக் குட்டிக் குட்டி வெளிச்சங்கள் குழப்பிவிடும். விளையாடும் நேரத்துக்கு அணைத்து வையுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. அறை இருட்டாகவும் இருக்கக்கூடாது. பழைய டியூப் லைட் அறையில் படம் நடுங்கினால் ஹெட்செட் செட்டிங்கில் டிராக்கிங் ஃபிரீக்வென்சியை 50 ஹெர்ட்ஸில் வையுங்கள், நம் கரண்ட் அதுதான்.

பேட்டரியைப் பற்றியும் இங்கேயே. குவெஸ்ட் கன்ட்ரோலருக்குச் சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் அதே ஏஏ அளவுதான், ஆனால் கடிகாரத்துக்கு வாங்கும் மலிவுச் சரக்கைப் போடாதீர்கள். பரீட்சை வந்து இரண்டு மாதம் தொடாமல் வைப்பதென்றால் கழற்றி வையுங்கள், கசிந்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அரித்துப்போகும்.

ஃபேன்

நிறுத்திவிட்டு விளையாடுங்கள். விளையாடும் இடத்தைக் குறிக்க நீங்கள் ஹெட்செட்டில் தரையில் வரைந்த எல்லைக்கோட்டுக்கு, மேலே ஃபேன் சுற்றுவதோ, கூடத்து ஊஞ்சல் ஆடி வருவதோ தெரியாது.

தலைவலிக்கு விஆரைத் திட்டுவது

இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே உள்ள தூரத்துக்கு லென்ஸை நகர்த்தி வைக்க வேண்டும், ஐபிடி என்பார்கள். குவெஸ்ட் 2-வில் 58, 63, 68 மில்லிமீட்டர் என்று மூன்றே நிலை, குவெஸ்ட் 3-இல் சக்கரம் வைத்திருக்கிறார்கள். அக்கா விளையாடிவிட்டுக் கொடுத்த பிறகு அப்படியே எடுத்து மாட்டிக்கொண்டு, தலை வலிக்கிறது என்று ஒரு வாரம் மூலையில் போட்டு வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

ஓபன்எக்ஸ்ஆர்

கேம் திறக்கவே மாட்டேன் என்கிறதா? கேமும் ஹெட்செட்டும் பேசிக்கொள்ளும் பொது முறைதான் ஓபன்எக்ஸ்ஆர், நடுவில் நின்று அதை நடத்தும் மென்பொருள் ரன்டைம். மெட்டாவின் மென்பொருளும் ஸ்டீம்விஆரும் நான்தான் ஓபன்எக்ஸ்ஆர் ரன்டைம் என்று நிற்கும், ஒன்றுதான் நிற்க முடியும். எதன் வழியாக விளையாடுகிறீர்களோ அதை அதன் செட்டிங்கில் போய் ஆக்டிவ் ஆக்குங்கள். விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டாம்.

மலிவாகக் கிடைக்கும் பழைய ஹெட்செட்

எச்பி ரிவெர்ப் ஜி2, சாம்சங் ஒடிசி இரண்டும் செகண்ட் ஹேண்டில் ஆசை காட்டும் விலைக்கு வரும். நல்ல ஹெட்செட்டுகள்தான். ஆனால் இவை விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி என்ற விஆர் மென்பொருளை நம்பி இருப்பவை, அதை மைக்ரோசாஃப்ட் 2023 டிசம்பரில் கைவிடுவதாக அறிவித்து, விண்டோஸ் 11 24எச்2 பதிப்பிலிருந்து எடுத்தே விட்டது. புது விண்டோஸ் உள்ள கம்ப்யூட்டரில் சொருகினால் சும்மா கிடக்கும். ஸ்டீமில் ஒயாசிஸ் என்று இலவச டிரைவர் ஒன்று வந்திருக்கிறது, அதுவும் என்விடியா கார்டு இருந்தால்தான். விற்பவர் அவர் வீட்டில் ஓட்டிக் காட்டுவார், நன்றாகத்தான் ஓடும். அங்கே விண்டோஸ் எந்தப் பதிப்பு என்று பாருங்கள், உங்களுடையது எது என்று பாருங்கள், அப்புறம் விலை பேசுங்கள்.