தம்பிக்கு மாதம் 2000 ரூபாய்: ஒரு தடவை தோற்று, மறு தடவை வாங்கிய கதை

மண்டபம் பக்கம் எங்கள் வீடு. தம்பிக்கு 24 வயது, அறிவுசார் குறைபாடு உள்ளவன். தமிழக அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை, அதாவது மாதம் 2000 ரூபாய், இப்போது அவன் கணக்கில் வருகிறது. வருவதற்குள் ஒரு தடவை தோற்றோம். எங்கே தோற்றோம் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ எல்லாம் உங்களிடம் இருக்கும், அதற்குள் போகவில்லை.

வரிசை இதுதான்: முதலில் மருத்துவச் சான்றிதழ், அதோடு யூடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கு மத்திய அரசு தரும் அடையாள அட்டை), அப்புறம் உதவித்தொகைக்கு விண்ணப்பம். அறிவுசார் குறைபாட்டுக்குச் சான்றிதழில் 40 சதவீதமாவது இருந்தால்தான் உதவித்தொகை கேட்க முடியும்.

விண்ணப்பம் போடுவது

யூடிஐடி அட்டைக்குச் சுவாவலம்பன் இணையதளத்தில் பதிய வேண்டும். இதில் என் ஒரே பிடிவாதம்: கைபேசி எண் உங்களுடையதாக இருக்கட்டும். எங்களுக்குப் பதிந்து கொடுத்தவர் அவசரத்தில் தன் எண்ணையே போட்டுவிட்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு ஓடிபிக்கும் அவர் கடை திறக்கும் வரை வாசலில் நிற்க வேண்டியிருந்தது. சான்றுகளைக் கைபேசியில் ஸ்கேன் செய்ய எந்தச் செயலியும் வேண்டாம் என்பது என் கருத்து. வெளிச்சத்தில் தரையில் வைத்து நேராக ஒரு போட்டோ எடுத்தால் போதும்.

குறைபாட்டின் வகையைக் கேட்கும் இடத்தில் நிதானமாக இருங்கள். 'மனநோய்' வேறு, 'அறிவுசார் குறைபாடு' வேறு. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் இரண்டும் தனித்தனி. நம் கடற்கரையில் இரண்டையும் ஒன்றாகப் பார்த்து, முதலில் மந்திரிக்கத்தான் கூட்டிப்போவோம். என் தம்பியையும் கூட்டிப்போனார்கள். ஏர்வாடியில், தர்காவில் குணமாகும் என்று நம்பிக் கூட்டிவந்தவர்களை வைத்திருந்த காப்பகத்தில், 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் தீயில் கருகியது ஊருக்கே தெரியும். அதற்குப் பிறகும் பழக்கம் முழுசாக விட்டபாடில்லை. சரி, அது தனிக்கதை. வகையைத் தவறாகக் குறித்தால் பின்னால் நிரமயா காப்பீடு போன்றவை கிடைக்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

நாங்கள் விழுந்த இடம்

மருத்துவமனையில் உளவியலாளர் பிள்ளையை மட்டும் பார்த்துச் சதவீதம் போடுவதில்லை. கூட வந்தவரிடம் நிறையக் கேட்பார். தானாகச் சாப்பிடுவானா, குளிப்பானா, தனியாகக் கடைக்குப் போவானா, காசு எண்ணுவானா என்று போகும். வைன்லாண்ட் அளவுகோல் என்று பெயர். நீங்கள் சொல்லும் பதிலில்தான் மதிப்பெண். அது 70-க்குக் கீழே இறங்கினால்தான் 50 சதவீதமாவது வரும். 70-லிருந்து 84 வரை என்றால் வெறும் 25 சதவீதம்.

அன்றைக்கு அம்மா சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "குளிப்பானாம்மா?" "குளிப்பான் சார்." "கடைக்குப் போவானா?" "எல்லாம் போவான் சார். வலையில சிக்குன நண்டக் காலு ஒடியாம எடுப்பான் சார்." கடைசிச் செய்தியை யாரும் கேட்கவே இல்லை. எங்களுக்கு வந்தது 25 சதவீதம்.

அம்மா பொய் சொல்லவில்லை. நண்டை அவன் அப்படித்தான் எடுப்பான், எனக்கு அது வராது. ஆனால் குளியல்? அம்மா பக்கத்தில் நின்று "இப்ப சோப்பு, இப்ப முதுகு" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சொல்வதை நிறுத்தினால் செம்பைக் கையில் பிடித்தபடி அப்படியே நிற்பான். கடைக்குப் போவது என்றால், சீட்டையும் சரியான காசையும் அம்மா சட்டைப் பையில் வைத்து அனுப்புவார். எடுத்துக்கொண்டு சாமானைக் கொடுத்து அனுப்புவது கடைக்காரர். இருபது வருடமாகச் செய்து பழகியதில், தான் செய்வது உதவி என்றே அம்மாவுக்குத் தோன்றவில்லை.

இரண்டாம் தடவை போவதற்கு முன் ஒரு வாரம் 40 பக்க நோட்டில் எழுதினோம். மூன்று பத்தி: சொல்லாமலே செய்தான், சொன்ன பிறகு செய்தான், நாங்கள் செய்துவிட்டோம். பல் விளக்குவது முதல் கைலி கட்டுவது வரை. முதல் பத்தியில் மொத்தமே ஏழெட்டு வரிதான். எழுதி முடித்த ராத்திரி அம்மா அந்த நோட்டைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தார், ஒன்றும் பேசவில்லை.

மறு மதிப்பீட்டின்போது நோட்டைப் பார்த்தே பதில் சொன்னோம். 75 சதவீதம் வந்தது. எதையும் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டிச் சொன்னால் அடுத்த கேள்வியிலேயே பிடித்துவிடுவார்கள். அதுவும் வேண்டாம்.

போகும் நாள் பற்றி ஒன்று. அப்பா விசைப்படகுக்காரர். திங்கள், புதன், சனி கடலுக்குப் போய்விடுவார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் அவரும் வீட்டில் இருப்பார். தம்பியை பஸ்ஸில் ராமநாதபுரம் கூட்டிப்போக இரண்டு ஆள் வேண்டும், அதனால் அலைச்சலையெல்லாம் அந்த இரண்டு மாதத்தில் வைத்துக்கொண்டோம்.

பராமரிப்பு உதவித்தொகை

சான்றிதழ் கையில் வந்ததும் இது சுலபம். வேறு அரசு ஓய்வூதியம் எதுவும் வாங்கவில்லை என்று கிராம நிர்வாக அலுவலர் சான்று தர வேண்டும். பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும். பணம் வரத் தொடங்கிய பிறகும் வருடம் ஒருமுறை வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும், மறந்தால் நின்றுவிடும். எழுந்து நடக்கவே முடியாத அளவுக்கு அதிக உதவி தேவைப்படுகிறவர் என்றால், உதவியாளருக்கென்று மாதம் 1000 ரூபாய் தனியாக உண்டு. அதையும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். நீங்களாகக் கேட்டால்தான் சொல்வார்கள்.

பின்சேர்க்கை 1

தொண்டியிலிருந்து ஒரு அம்மா கேட்டிருந்தார்: பிள்ளைக்கு ஆறு வயது, பள்ளிக்குக் கொண்டுபோக முடியவில்லை. இதற்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வீடு சார்ந்த கல்வி இருக்கிறது. சிறப்பாசிரியர் வீட்டுக்கே வருவார். உங்கள் வட்டார வள மையத்தில் பெயர் கொடுங்கள். அங்கே பிசியோதெரபியும் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்குத் தரும் சான்றிதழ் தற்காலிகம்தான், முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

நிரமயா பற்றியும் கேட்டார். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு வருடம் ஒரு லட்சம் ரூபாய் வரையிலான காப்பீடு அது. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கும் செல்லும். சேர மருத்துவப் பரிசோதனை கிடையாது. முதலில் நாம் செலவழித்துவிட்டுப் பிறகு ரசீது கொடுத்து வாங்குவது, அதனால் தெரபி ரசீது ஒன்றையும் தொலைக்காதீர்கள்.

பின்சேர்க்கை 2

இதை நானே விட்டுவிட்டேன், கீழக்கரை நண்பர் ஒருவர் பிடித்தார். பிள்ளைக்கு 18 முடிந்ததும் பெற்றோர் தாமாகவே சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. வங்கியில் கையெழுத்துக் கேட்கும்போதுதான் இது இடிக்கும். 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ளூர் அளவிலான குழு இருக்கிறது, அதில் பாதுகாவலர் நியமனத்துக்கு விண்ணப்பிக்கலாம். எங்கள் வீட்டில் அம்மா பெயரில் போட்டிருக்கிறோம். அம்மாவுக்குப் பிறகு யார் என்று தனியாக ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. தங்கை "நான்" என்கிறாள், நான் "நான்" என்கிறேன்.